லூனா பார்க் திறந்தது 1903இலா, 2010இலா? கோனி ஐலண்டில் எது பழசு, எது புதுசு?

கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. மகள் வீட்டுக்கு அமெரிக்கா போனபோது நியூயார்க்கின் கோனி ஐலண்டுக்கும் போய் வந்திருக்கிறீர்கள். அங்கே லூனா பார்க் என்று பெரிதாகப் பெயர் போட்டிருந்தது. அது 1903இல் திறந்தது என்று ஓரிடத்தில் படித்தீர்கள், 2010இல் திறந்தது என்று இன்னோரிடத்தில் படித்தீர்கள். தண்டர்போல்ட் 1925இல் கட்டிய ரோலர் கோஸ்டர் என்று நம்பிப் போனால், நேற்றுதான் பெயிண்ட் அடித்ததுபோல ஆரஞ்சு நிறத்தில் ஓர் இரும்பு ரைடு நின்றது. "அப்படியானால் அங்கே உண்மையில் பழசு எது? எதற்காக இப்படி மாற்றிக்கொண்டே இருந்தார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்வியைவிட இரண்டாவது கேள்விதான் பெரியது. அதற்கு நாலு வரியில் பதில் சொல்ல முடியாது, அதனால் கொஞ்சம் நீளும்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் மெக்கானிக்கல் படித்தவன். பொழுதுபோக்குப் பூங்காக்களில் ரைடு பராமரிப்பு, பிறகு பாதுகாப்புச் சோதனை என்று இருபத்திரண்டு வருஷம் ஓட்டியாயிற்று. வரலாறு எனக்குத் தொழில் இல்லை, ஆசையில் படித்தது. ஆகவே சக்கரம், சங்கிலி, பிரேக் பற்றி நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளுங்கள். யார் யாரிடம் என்ன சொன்னார் என்கிற கதைகளில் எனக்கே சந்தேகம் உள்ளவற்றை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

நேரடிப் பதில் முதலில். பெயர் பழசு, பூங்கா புதுசு. முதல் லூனா பார்க் 1903 மே மாதம் திறந்து, 1944 ஆகஸ்டில் நடந்த தீ விபத்தோடு முடிந்துபோனது. நீங்கள் பார்த்தது 2010இல் வேறொரு நிறுவனம் அதே பெயரில் தொடங்கியது. இடம்கூட ஒன்றல்ல. பழையது சர்ஃப் அவென்யூவுக்கு வடக்கே இருந்தது, புதியது அந்தச் சாலைக்குத் தெற்கே, கடலை ஒட்டி. பழைய இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. அதற்கும் லூனா பார்க் என்றே பெயர்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். கோனி ஐலண்ட் என்பது பூங்காவின் பெயரே அல்ல. புரூக்ளினின் தென்கோடியில் கடலோரமாக இருக்கும் பகுதியின் பெயர் அது. ஒரு காலத்தில் நிஜமாகவே தீவு. நடுவில் இருந்த ஓடையின் ஒரு பகுதியைப் பின்னாளில் மண் கொட்டித் தூர்த்துவிட்டதால் கரையோடு ஒட்டிக்கொண்டது. அங்கே பல முதலாளிகளின் பூங்காக்கள் வேலிக்கு வேலி ஒட்டியபடி, ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு இருந்தன. நடுநடுவே எந்தப் பூங்காவிலும் சேராத தனி ரைடுகளும் உண்டு. சைக்ளோன் என்ற ரோலர் கோஸ்டரும் வொண்டர் வீல் என்ற ராட்டினமும் அப்படித் தனியாகப் பிறந்தவைதான். திருவிழாக் கடைத்தெருவை மனதில் வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். அந்தத் தெரு எந்த வருஷம் திறந்தது என்று கேட்டால் யார் பதில் சொல்வது?

ரைடுகளின் கதையை நான் 1884இலிருந்து எண்ணுவேன். அதற்கு முன்பே அங்கே குடைராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது. சார்லஸ் லூஃப் என்கிற மரச்சிற்பி 1876இல் வைத்தது. ஆனால் 1884 கோடையில் லமார்கஸ் தாம்சன் கட்டியதுதான் இந்தத் தொழிலுக்கு விதை. எதிரெதிரே இரண்டு மரக் கோபுரம், நடுவே சுமார் 600 அடிக்கு அலை அலையாக ஏறி இறங்கும் பாதை. நீங்கள் படியேறி மேலே போய், பெஞ்சு மாதிரியான வண்டியில் பக்கவாட்டில் உட்கார வேண்டும். வண்டி தன் பாரத்திலேயே உருண்டுபோய் எதிர்ப்பக்கம் நிற்கும். எல்லோரும் இறங்கியதும் வேலையாட்கள் வண்டியை மேலே தள்ளி இன்னொரு தடத்தில் ஏற்றுவார்கள். மறுபடி ஏறி உட்கார்ந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். வேகம் மணிக்கு 6 மைல். சைக்கிளில் நிதானமாகப் போகிறவர்கூட அதை முந்திவிடுவார். கட்டணம் 5 சென்ட். போட்ட முதலீடு மூன்றே வாரத்தில் திரும்பியது என்று படிக்கிற இடத்திலெல்லாம் இருக்கும். கணக்குப் புத்தகத்தை நான் பார்த்ததில்லை, ஆனால் அடுத்து நடந்ததைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது. அதே பருவத்தில் சார்லஸ் ஆல்கோக் என்பவர் பாதையின் இரண்டு முனைகளையும் சேர்த்து, வண்டி புறப்பட்ட இடத்துக்கே தானாகத் திரும்பும்படி செய்துவிட்டார். மறுவருஷம் பிலிப் ஹிங்கிள் என்பவர் சங்கிலி வைத்து, ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போதே வண்டியை மேலே இழுத்துவிட்டார். ஆக, பிறந்து ஒரு வருஷம் ஆவதற்குள் தாம்சனின் ரைடு பழசாகிப்போனது.

எதற்காக மாற்றிக்கொண்டே இருந்தார்கள் என்பதற்கு முதல் காரணம் இதுதான்: பக்கத்துக் கடை. வருகிறவன் கையில் இருப்பதோ சில சென்ட். அவன் உங்கள் வாசலில் நிற்பானா, அடுத்த வாசலுக்குப் போவானா என்பதைப் பத்தடி தூரம்தான் தீர்மானிக்கிறது.

1895இல் பால் பாய்டன் என்பவர் இடத்தைச் சுற்றி வேலி போட்டு, உள்ளே வரவே காசு என்று வசூலித்தார். சீ லயன் பார்க் என்று பெயர். இன்று நாம் 'பூங்கா' என்று சொல்கிற அமைப்பு இந்த வேலியில் தொடங்கியது என்று தாராளமாகச் சொல்லலாம். அவரிடம் ஃபிளிப் ஃபிளாப் என்று ஒரு ரைடு இருந்தது. தலைகீழாகச் சுழற்றிவிடும் வளையம், ஏறத்தாழ 25 அடி விட்டம், சுத்தமான வட்டம். தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இதைப் பற்றிக் கொஞ்சம் பேசாமல் இருக்க முடியவில்லை. உச்சியில் வண்டி பாதையை விட்டு விழாமல் இருக்க ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டும். அந்த வேகத்தோடு உச்சிக்குப் போய்ச் சேர, அடியில் எவ்வளவு வேகம் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வட்டத்தின் அடிப்பகுதியில் உட்கார்ந்திருப்பவர் தன் எடையைப்போல 6 மடங்கு அழுத்தத்தைத் தாங்க வேண்டிவரும். வட்டத்தைப் பெரிதாகக் கட்டினாலும் அந்த 6 குறையாது. கோளாறு அளவில் இல்லை, வடிவத்தில். நேர்ப்பாதையிலிருந்து வட்டத்துக்குள் நுழையும் அந்தப் புள்ளியில் பாரம் படிப்படியாக ஏறாமல் பட்டென்று கழுத்தில் இறங்கும். கழுத்தும் முதுகும் பிடித்துக்கொண்டதாகப் பயணிகள் புலம்பியதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. 12 மடங்கு என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அந்தக் காலத்தில் யாரும் கருவி வைத்து அளந்ததாக நான் படித்ததில்லை, எனவே 6க்கு மேல் என்பதோடு நான் நிறுத்திக்கொள்வேன். அதுவே அதிகம். இன்றைய ரைடில் ஒரு கணம் 5 வந்தாலே இருமுறை யோசிப்போம்.

1901இல் எட்வின் பிரெஸ்காட் என்பவர் வட்டத்தை முட்டை வடிவமாக்கிக் கழுத்தைக் காப்பாற்றினார். ஆனால் கல்லாப்பெட்டியைக் காப்பாற்ற முடியவில்லை. வண்டிக்கு நாலு பேர்தான் உட்காரலாம். பயந்த கூட்டம் காசு கொடுத்து உள்ளே வந்து, மற்றவர்கள் தலைகீழாகப் போவதை வேடிக்கை பார்த்துவிட்டுக் கிளம்பியது. சில வருஷத்தில் அதுவும் போயிற்று. தலைகீழ் வளையம் ஒழுங்கான வியாபாரமாகத் திரும்பி வந்தது 1970களில்தான், அதுவும் கலிஃபோர்னியாவில், கண்ணீர்த்துளி வடிவத்தில்.

ஜார்ஜ் டில்யூ வேறு மாதிரி ஆள். 1893 சிகாகோ கண்காட்சியில் ஃபெரிஸின் பிரம்மாண்ட ராட்டினத்தைப் பார்த்து மயங்கி, அதில் பாதி அளவுக்கு ஒன்றைச் செய்யச் சொல்லிக் கோனி ஐலண்டில் நிறுத்தினார். வந்து சேரும் முன்பே 'உலகத்திலேயே பெரிய ராட்டினம் இங்கே வரப்போகிறது' என்று பலகை வைத்துவிட்டார் என்பது ஊரறிந்த கதை. 1897இல் அவர் திறந்ததுதான் ஸ்டீபிள்சேஸ் பார்க். மரக்குதிரைகள் இணைத் தண்டவாளங்களில் ஏறி இறங்கிப் பந்தயம் ஓடும், ஒரு குதிரையில் இரண்டு பேர். காதலிக்கும் ஜோடிகளுக்கு ஊரறியக் கட்டிப்பிடித்துக்கொள்ள அதைவிட நல்ல சாக்கு அன்றைக்குக் கிடையாது. ஆனால் டில்யூவின் உண்மையான கெட்டிக்காரத்தனம் குதிரை ஓட்டம் முடிந்த பிறகு தெரியும். வெளியே போகும் வழி ஒரு மேடை வழியாகப் போகும். அங்கே ஒரு கோமாளி தடியோடு நிற்பான், தரையிலிருந்து காற்று குப்பென்று வீசிப் பாவாடையையும் தொப்பியையும் தூக்கும். தப்பித்து இறங்கினால் எதிரே பெஞ்சுகள். அதில் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? ஐந்து நிமிஷம் முன்னால் இதே அவஸ்தைப்பட்டவர்கள். நீங்களும் போய் உட்கார்ந்து அடுத்து வருகிறவரைப் பார்த்துச் சிரிக்கலாம். நடிகருக்குச் சம்பளம் இல்லாத நாடகம். 1907இல் பூங்கா எரிந்துபோனபோது மறுநாளே பலகை மாட்டினார்: பெரிதாகத் திரும்பக் கட்டுவோம், அதுவரை எரிந்த இடத்தைப் பார்க்கப் பத்து சென்ட்.

இப்போது உங்கள் லூனா பார்க். ஃப்ரெட்ரிக் தாம்சன், எல்மர் டண்டி என்று இரண்டு கூட்டாளிகள். முதல் தாம்சனுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. 1901 பஃபலோ கண்காட்சியில் இவர்கள் 'நிலாவுக்குப் பயணம்' என்று ஒன்றைக் காட்டினார்கள். லூனா என்ற கப்பலில் ஏற்றி, ஆட்டி, ஜன்னலில் பூமி சுருங்குவதைக் காட்டி, நிலாவில் இறக்கிவிட்டு, நிலாவாசிகள் வேஷம் போட்டவர்களை ஆடவிடுவார்கள். டில்யூ அதை ஒரு பருவம் தன் பூங்காவுக்கு வரவழைத்தார். 1902 கோடை முழுக்க மழை கொட்டி பாய்டன் நொடித்துப்போக, இவர்கள் அவருடைய இடத்தை எடுத்து லூனா பார்க் ஆக்கினார்கள். பெயர் அந்தக் கப்பலிலிருந்து வந்தது என்று ஒரு கட்சி, டண்டியின் சகோதரி பெயர் லூனா என்று இன்னொரு கட்சி. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கத் தடையில்லை. 2,50,000 மின்விளக்கு என்று விளம்பரம் செய்தார்கள். பல்பை யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். ஆனால் பெரும்பாலான வீடுகளில் இன்னும் மின்சாரம் வராத காலம் அது. இருட்டில் ஒரு நகரம் முழுக்க மின்னியதைப் பார்த்தவனுக்கு ரைடே தேவைப்பட்டிருக்காது.

இங்கேதான் என் கட்சியைச் சொல்ல வேண்டும். லூனாவும், 1904இல் எதிரே முளைத்த டிரீம்லாண்டும் நம்பியது கதையை. நிலாப் பயணம், டெல்லித் தெரு என்று செட் போட்டு யானைகளோடு ஊர்வலம், பாம்பெயி நகரை அழித்த எரிமலை, நரகத்துக்குள் படகுப் பயணம், அடுக்குமாடிக்குத் தீ வைத்து அணைத்துக் காட்டுவது. எல்லாம் பிரமாதம், ஆனால் ஒரு தடவைதான். கதை தெரிந்த பிறகு இரண்டாம் முறை எவன் காசு கொடுப்பான்? அதனால் வருஷா வருஷம் இடித்து, வருஷா வருஷம் புதிது கட்ட வேண்டியிருந்தது. டண்டி 1907இல் இறந்தார், தாம்சன் 1912இல் பூங்காவை இழந்து திவாலானார். உயரத்திலிருந்து விழும்போது வயிற்றில் வரும் அந்தக் கூச்சம் மட்டும் நூறாவது தடவையும் வரும். அதைக் கொடுத்த ரைடுகள்தான் கோனி ஐலண்டில் மிஞ்சின. கதை சொன்னவற்றில் ஒன்றுகூட நிற்கவில்லை.

அந்தக் காட்சிகளில் எல்லாமே ரசிக்கத்தக்கவை அல்ல. 1905இல் பிலிப்பைன்ஸின் இகோரோட் மக்களைக் கூட்டிவந்து, ஒரு குடிசைக் கிராமம் போட்டு வேடிக்கைப் பொருளாக வைத்தார்கள். அதே ஊரில், காசு வாங்கிக்கொண்டு குறைமாதக் குழந்தைகளை இன்குபேட்டரில் காட்டிய மார்ட்டின் கூனியும் இருந்தார். 1903 முதல் 1943 வரை, பார்வையாளருக்கு 25 சென்ட், பெற்றோரிடம் ஒரு காசு கிடையாது. மருத்துவமனைகள் கைவிட்ட குழந்தைகளை அந்த 25 சென்ட் காப்பாற்றியது. அவர் முறையாக டாக்டர் பட்டம் பெற்றவரா என்பது சந்தேகம்தான். ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிழைத்ததில் சந்தேகம் இல்லை.

மாற்றிக்கொண்டே இருந்ததற்கு இரண்டாவது காரணம் தீ. 1911 மே 27 விடியலுக்கு முன், பருவம் தொடங்கும் நாளன்று, டிரீம்லாண்டின் நரக ரைடில் தண்ணீர்க் கசிவை அடைக்கத் தார் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். விளக்கு அணைந்த இருட்டில் யாரோ தார் வாளியைத் தட்டிவிட்டதாகச் சொல்கிறார்கள். நரகத்திலிருந்தே தீ பரவியது என்று பத்திரிகைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். மரச்சட்டத்தின் மேல் சாந்து பூசிய கட்டடங்கள், கடல்காற்று. விடிவதற்குள் 375 அடி கோபுரம் உட்பட எல்லாம் சாம்பல். இன்குபேட்டர் குழந்தைகள் இறந்துவிட்டதாக முதலில் செய்தி போனது, பிறகு எல்லாக் குழந்தைகளும் பத்திரம் என்று தெரிந்தது. டிரீம்லாண்டை யாரும் திரும்பக் கட்டவில்லை. அதன் இடத்தில் இன்று நியூயார்க் மீன் காட்சியகம் இருக்கிறது. கோனி ஐலண்டில் ஒரு ரைடு ஏன் மறைந்தது என்று கேட்டால், பாதிக்குப் பாதி 'எரிந்தது' என்பதே பதில்.

அப்புறம் 1920. சுரங்க ரயில் ஐந்து சென்டுக்குக் கடற்கரை வரை வந்தது. 1923இல் மரநடைபாதை போட்டார்கள். வெயில் நாட்களில் லட்சக்கணக்கில் ஆட்கள். இவர்களுக்கு நுழைவுச்சீட்டு வாங்கி நாள் முழுக்கச் செலவழிக்க வசதி இல்லை. ஒரு சவாரிக்கு ஒரு காசு, அவ்வளவுதான். தனி ரைடுகளின் பொற்காலம் அது. 1925 தண்டர்போல்ட், 1926 டொர்னாடோ, 1927 சைக்ளோன் என்று மூன்று பெரிய ரோலர் கோஸ்டர் அடுத்தடுத்து வந்தன. அது எப்படி ஒரே நேரத்தில்? ஜான் மில்லர் என்ற பொறியாளர் 1919இல் காப்புரிமை வாங்கிய ஒரு சின்ன விஷயத்தால். அதற்கு முன் வண்டிக்குத் தண்டவாளத்தின் மேல் உருளும் சக்கரமும் பக்கச் சக்கரமும்தான். மேடு தாண்டும்போது வேகம் கூடினால் வண்டி பாதையை விட்டு எழும்பிவிடும், அதனால் சரிவுகளைச் சாதுவாகவே கட்டினார்கள். மில்லர் தண்டவாளத்துக்கு அடியிலும் ஒரு சக்கரத்தை மாட்டி வண்டியைப் பாதையோடு பூட்டிவிட்டார். அதன் பிறகு எவ்வளவு செங்குத்தாகவும் இறக்கலாம்.

நான் எந்த ரோலர் கோஸ்டரைச் சோதிக்கப் போனாலும் முதலில் குனிந்து பார்ப்பது அந்த அடிச்சக்கரத்தைத்தான். தண்டவாளத்தின் கீழ்ப்புறம் விரலை வைத்து இழுத்தால் கிரீஸும் இரும்புத்தூளும் கலந்து கறுப்பாக ஒட்டும். கொஞ்சம் ஒட்டினால் சரி. மினுமினுவென்று தூள் அதிகமாக இருந்தால் எங்கோ சக்கரம் சுற்றாமல் தேய்த்துக்கொண்டு போகிறது என்று அர்த்தம், அன்றைக்கு ரைடு ஓடாது. முதல் ஏற்றத்தில் நீங்கள் கேட்ட அந்த 'டக் டக் டக்' சத்தத்துக்கும் பயப்பட வேண்டாம். சங்கிலி அறுந்தால் வண்டி பின்னால் ஓடாமலிருக்க, பல்வரிசையில் ஒரு கொக்கி விழுந்து விழுந்து ஏறுகிற சத்தம் அது. சத்தம் நின்றால்தான் நான் பயப்படுவேன்.

சைக்ளோன் 1927 ஜூன் 26இல் திறந்தது. முதல் இறக்கம் 85 அடி, சரிவு கிட்டத்தட்ட 60 டிகிரி, உச்ச வேகம் மணிக்கு 60 மைல். 1884இல் தாம்சன் தன் 6 மைல் வண்டியை ஓட்டியதும் ஏறத்தாழ இதே இடத்தில்தான். பத்து மடங்கு வேகத்துக்கு நாற்பத்து மூன்று வருஷம். மர ரோலர் கோஸ்டர் என்று இதைச் சொன்னாலும் தாங்கி நிற்கும் கால்கள் எஃகு. மரம் என்பது பாதை மட்டும்: பலகைகளை அடுக்கி மேலே தட்டையான எஃகுப் பட்டை அடித்தது. உப்புக்காற்றில் பலகை உளுத்துப்போகும், பகுதி பகுதியாகக் கழற்றி மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அப்படியானால் அது பழசா என்று கேட்பீர்கள். திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரமும் அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்தது, அதனால் அதை யாராவது புதுத்தேர் என்கிறார்களா? வடிவமும் ஓட்டமும் அதேதான் என்றால் எனக்கு அது பழசுதான். இதே அளவுகோலில் இன்றைய லூனா பார்க் தேறாது.

சரிவுக் காலத்தை விரைவாகக் கடந்துவிடுகிறேன், அது எல்லா ஊருக்கும் பொதுவான கதை. கார் வந்தது, ஆட்கள் வேறு கடற்கரைக்குப் போனார்கள். நகரத்தின் பூங்காத் துறையைக் கையில் வைத்திருந்த ராபர்ட் மோசஸுக்கு ராட்டினக் கூச்சல் பிடிக்காது. வீடு கட்ட நிலம் வேண்டும் என்ற நெருக்கடியும் இருந்தது. ஸ்டீபிள்சேஸ் 1964இல் மூடியது. மறுவருஷம் அந்த இடத்தை வாங்கியவர் ஃப்ரெட் டிரம்ப், ஆம், டொனால்டின் அப்பா. அடுக்குமாடி கட்ட நினைத்தார். 1966இல் இடிப்புக்கே ஒரு விருந்து வைத்து, வந்தவர்கள் கண்ணாடி முகப்பில் கல்லெறிந்தார்கள். கடைசியில் மாடி கட்ட அனுமதி கிடைக்கவில்லை. டொர்னாடோ 1977இல் எரிந்தது. தண்டர்போல்ட் 1982இல் நின்று, கொடி படர்ந்து கிடந்தது. 2000 நவம்பரில் ஒரு காலை நகர நிர்வாகம் அதை இடித்துத் தள்ளியது. அந்த இடிப்பு நியாயமற்றது என்று பிறகு நீதிமன்றத்தில் ஜூரி சொன்னது, ஆனால் ரைடு திரும்பி வருமா? நீங்கள் பார்த்த ஆரஞ்சு தண்டர்போல்ட் 2014இல் ஜாம்பெர்லா என்ற இத்தாலிய நிறுவனம் செய்தது. வளையமெல்லாம் போட்டுத் தலைகீழாக்கும். பெயரைத் தவிர இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை என்று நினைக்கிறேன். எங்கள் தொழிலில் பெயர்தான் துருப்பிடிக்காத ஒரே பாகம். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் பத்து வருஷப் பழைய ரைடுக்கு நீல வர்ணம் அடித்து, புதுப்பெயர் வைத்து, 'இந்தக் கோடையின் புதுவரவு' என்று பேனர் கட்டினார்கள். கோனி ஐலண்டில் அதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், புதுச் சாமானுக்குப் பழைய பெயர். அது மேல். லூனா பார்க் என்ற பெயர் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்றால், இத்தாலி, கிரேக்கம், துருக்கி, போலந்து மொழிகளில் பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் பொதுச்சொல்லே அதுதான்.

ஆகப் பழசு எது? ஓடுவதில் முக்கியமானவை இரண்டு: 1920இன் வொண்டர் வீல், 1927இன் சைக்ளோன். மூன்றாவது பாராசூட் ஜம்ப், நிற்கிறது, ஓடவில்லை. அது 1939 உலகக் கண்காட்சிக்குக் கட்டி, 1941இல் ஸ்டீபிள்சேஸ் வாங்கி நட்டது. பாராசூட் பயிற்சிக்காக ஒரு கடற்படை அதிகாரி வடிவமைத்ததில் பிறந்தது. 250 அடி உயரத்திலிருந்து கம்பி பிடித்த குடையில் இறக்கிவிடுவார்கள். காற்று அடித்தால் நிறுத்த வேண்டும், ஒவ்வொரு குடைக்கும் ஆட்கள் வேண்டும், லாபமே இல்லாத ரைடு. அது நின்றது 1964இலா 1968இலா என்பதில் இன்றும் சண்டை. பூங்கா மூடிய பின் அந்தப் பக்கத்தில் சில சின்ன ரைடுகள் ஓடியதால் வந்த குழப்பம் அது என்றும், 1964தான் சரி என்றும் எனக்குப் படுகிறது. 1977இல் நினைவுச்சின்னம் என்று அறிவித்து, அதே வருஷம் ரத்து செய்து, 1989இல் மறுபடி அறிவித்தார்கள்.

சைக்ளோனையும் மீன் காட்சியகத்தை விரிவாக்க இடிக்கப் பார்த்தார்கள். மக்கள் குரல் கொடுத்ததால் 1975இல் பக்கத்தில் இருந்த ஆஸ்ட்ரோலாண்ட் என்ற பூங்கா குத்தகைக்கு எடுத்துப் பழுதுபார்த்து ஓட்டியது. அந்த ஆஸ்ட்ரோலாண்ட் 2008இல் மூடியது. அதன் இடத்தில்தான் புது லூனா பார்க் வந்தது, சைக்ளோனும் இப்போது அவர்கள் பொறுப்பில்.

கருத்துப் பகுதியில் ஒருவர், எடிசன் யானையைக் கொன்ற இடம் இதுதானே என்று கேட்டிருந்தார். டாப்ஸி என்ற யானையை 1903 ஜனவரியில் லூனா பார்க் கட்டுமான இடத்தில் மின்சாரம் பாய்ச்சிக் கொன்றது உண்மை. எடிசன் பெயர் கொண்ட நிறுவனம் அதைப் படம்பிடித்ததும் உண்மை. ஆனால் எந்த வகை மின்சாரம் நல்லது என்ற ஏசி, டிசி சண்டையில் எதிரியைக் கேவலப்படுத்த எடிசன் செய்தார் என்பது கட்டுக்கதை. அந்தச் சண்டை முடிந்தே பத்து வருஷம் ஆகியிருந்தது, அவர் அங்கே இருந்ததற்கும் ஆதாரம் இல்லை.

வொண்டர் வீலைக் கடைசிக்கு வைத்திருந்தேன், அங்கே இருப்பதில் எனக்குப் பிடித்தது அதுதான். 150 அடி உயரம், 24 கூண்டு. அவற்றில் 8 மட்டும் சாதாரண ராட்டினம்போல விளிம்பில் நிலையாகத் தொங்கும். மற்ற 16 கூண்டும் உள்ளே வளைந்த தண்டவாளத்தில் நிற்கின்றன. சக்கரம் சுழலச் சுழல அவை திடீரென்று உள்நோக்கி உருண்டு, பிறகு விளிம்புக்கு ஓடிவந்து நின்று ஊஞ்சலாடும். மோட்டார் ஒன்றும் அந்தக் கூண்டுகளுக்குத் தனியாக இல்லை, முழுக்கப் புவியீர்ப்பு. 1977இல் நியூயார்க் முழுக்க மின்சாரம் போன இரவில் கையால் சுழற்றியே ஆட்களை இறக்கினார்களாம். எடைகள் ஒன்றையொன்று சமன் செய்யும்படி அடுக்கியிருப்பதால் அது சாத்தியம்தான் என்று பொறியாளனாகச் சொல்கிறேன். டெனோஸ் வூர்டெரிஸ் என்ற கிரேக்கர், காதலித்த காலத்தில் 'என்னைக் கட்டிக்கொண்டால் அந்த ராட்டினத்தை வாங்கித் தருகிறேன்' என்று சொன்னவர், 1983இல் நிஜமாகவே வாங்கினார். இன்றும் அந்தக் குடும்பத்திடம்தான் இருக்கிறது.

அடுத்த முறை மகளோடு போகும்போது ஏறுங்கள். ஆனால் வரிசை இரண்டு இருக்கும், கவனம். வெள்ளைக் கூண்டு நிலையானது, வண்ணக் கூண்டு உருளும். நான் முதல் தடவை கேட்காமல் கூட்டம் குறைவான வரிசையில் போய் நின்றுவிட்டேன். பாதி உயரத்தில் கூண்டு சறுக்கியபோது, இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் ரைடு பாதுகாப்பு வகுப்பு எடுத்தவன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத பெரியவரின் கையை இறுகப் பிடித்திருந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் என் கையைப் பிடித்திருந்தார்.